கத்தியின் கூர் எதுவரை தாங்கும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மடக்குக் கத்திகளைப் பற்றிக் கடலூர், புதுச்சேரிப் பகுதிகளிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஐயத்தைச் சுற்றியே அமைந்திருந்தன. எந்த எஃகு கூரை நெடுநேரம் தாங்கும், அதை வீட்டிலேயே எவ்வாறு சோதித்து அறிவது என்பதே அது. ஆகவே இந்த முறை பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, நான் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பிரான்சில் வசிக்கும் என் மைத்துனர் விடுமுறைக்கு வந்தபோது, அலகில் ‘கார்போன்’ என்று பொறித்த எட்டாம் எண் ஒப்பினெல் கத்தி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். என்னிடம் ஏற்கெனவே ஒரு விக்டோரினாக்ஸ் மடக்குக் கத்தி இருக்கிறது. சண்டே மார்க்கெட்டில் மலிவாக வாங்கிய, ‘ஸ்டெயின்லெஸ்’ என்பதைத் தவிர வேறெதுவும் எழுதாத மடக்குக் கத்தி ஒன்றும் உண்டு. கடைக்குச் சரக்கு வரும் அட்டைப்பெட்டிகளை மூன்றாலும் வெட்டிப் பார்த்ததில், சண்டே மார்க்கெட் கத்திதான் அதிக நேரம் வெட்டியது. அப்படியானால் அதன் எஃகுதான் மூன்றிலும் உயர்ந்ததா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: இந்த முடிவைக் கொண்டு எஃகைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது. ஒரு கத்தி எவ்வளவு நேரம் வெட்டும் என்பதை அதன் எஃகு, அந்த எஃகுக்குக் கொடுத்த வெப்பப் பதம், வாயின், அதாவது வெட்டும் விளிம்பின், கோணம், வாய்க்குச் சற்று மேலே அலகின் தடிமன், கடைசியாகத் தீட்டிய கல்லின் நயம், வாயில் பிசிறு மிஞ்சியிருக்கிறதா என்பது ஆகிய எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. மூன்று கத்திகளையும் அவை வந்த நிலையிலேயே எடுத்து வெட்டினால், வென்றது இவற்றில் எது என்று பிரித்தறிய வழியே இல்லை.

நீங்கள் வெட்டிய பொருள் அட்டை என்பதால் தடிமனைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அட்டையில் கத்தி இறங்கும்போது வெட்டுப்பட்ட இரு பக்கமும் அலகின் கன்னங்களை இறுக்கிப் பிடிக்கின்றன. கைக்குத் தெரியும் தடையில் பெரும்பங்கு அந்த உராய்வுதான். வாயிலிருந்து 1 மி.மீ. மேலே மூன்று அலகுகளையும் வெர்னியரால் அளந்து பாருங்கள். ஒன்று 0.3 மி.மீ., இன்னொன்று 0.6 மி.மீ. என்று இருந்தால், தடித்த கத்தி நல்ல கூரோடு இருந்தாலும் மழுங்கிவிட்டது என்றே கை சொல்லும். தவிர, மலிவான கத்திகள் பலவும் முரட்டுப் பட்டையில் ஒரே இழுப்பில் தீட்டப்பட்டு வருகின்றன. அதனால் வாயில் உண்டாகும் பொடிப்பற்கள் அட்டைக்கு மிகவும் ஏற்றவை. உங்கள் சண்டே மார்க்கெட் கத்தி வென்றதற்கு இந்த இரண்டு காரணங்களே போதும்.

எஃகை மட்டும் சோதிக்க வேண்டுமானால் மற்றவற்றை முடிந்தவரை சமமாக்க வேண்டும். அலகின் தடிமனை வீட்டில் மாற்றுவது கடினம். கோணத்தையும் தீட்டலையும் சமமாக்கலாம். மூன்று கத்திகளையும் ஒரே கார்போரண்டம் கல்லில், முதலில் சொரசொரப்பான பக்கத்திலும் பின்பு நயமான பக்கத்திலும், ஒரே கோணத்தில் தீட்டுங்கள். கோணத்துக்குத் தனிக் கருவி வேண்டியதில்லை. வாயிலிருந்து முதுகு வரை அலகின் அகலம் 20 மி.மீ. என்றால், முதுகைக் கல்லிலிருந்து 5 மி.மீ.க்குச் சற்று அதிகமாக உயர்த்திப் பிடித்தால் பக்கத்துக்கு 15 பாகை கிடைக்கும், 7 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக உயர்த்தினால் 20 பாகை. அகலமான அலகுக்கு அதே விகிதத்தில் உயர்த்திக்கொள்ளுங்கள். வாயோரத்தில் மார்க்கர் பேனாவால் மை தடவி இரண்டு இழுப்பு இழுத்தால், மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் கல் படுகிறது என்பது தெரிந்துவிடும். மை வாயின் நுனிவரை அழியவில்லையென்றால், எத்தனை நாழிகை தீட்டினாலும் கூர் ஏறாது.

பிசிறு என்பது தீட்டும்போது வாயின் மறுபக்கத்தில் மெல்லிய தகடாக மடிந்து நிற்கும் உலோகம். விரல் நுனியை அலகின் முதுகுப் பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாக மெல்ல வழித்தால் சுருக்கென்று தட்டுப்படும். அதை நீக்காமல் விட்டால் கத்தி முதல் சில வெட்டுகளுக்கு அபாரமாக இருந்துவிட்டு, பிசிறு மடங்கியதும் திடீரென்று சோர்ந்துவிடும். ‘இந்த எஃகு கூரைத் தாங்கவில்லை’ என்று வரும் குறைகளில் பாதிக்கு மேல் பிசிறைப் பற்றிய குறைகள்தாம் என்பது என் கணிப்பு. நயமான பக்கத்தில் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி, கை எடையை மட்டும் வைத்து இழுத்து, பின்பு பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், முதுகு முன்னே போகும்படி சில முறை தேய்த்தால் பிசிறு போய்விடும்.

அடுத்தது, கூரை எண்ணாக அளப்பது. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு இதற்குப் போதும். ஒரு மரக்கட்டையில் நான்கு விரற்கடை இடைவெளியில் இரண்டு ஆணிகளை அடித்து, அவற்றுக்கிடையே பாலியெஸ்டர் தையல் நூலைக் கட்டையின் மேல் படாமல் கட்டுங்கள். நூலின் இறுக்கம் ஒவ்வொரு முறையும் மாறினால் எண்ணும் மாறும். ஆகவே ஒரு முனையை முதல் ஆணியில் முடிந்து, மறுமுனையில் ஒரு சிறு பூட்டைத் தொங்கவிட்டபடியே இரண்டாம் ஆணியில் சுற்றிக்கொள்ளுங்கள். கட்டையைத் தராசின் மேல் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, கத்தியை முன்பின் இழுக்காமல் நேர்கீழாக, மிக மெதுவாக நூலின் மேல் அழுத்துங்கள். நூல் அறும் கணத்தில் தராசு காட்டிய உச்ச எடைதான் உங்கள் அளவு. அந்த எண் கண்மூடித் திறப்பதற்குள் மறைந்துவிடும் என்பதால், தராசைக் கைப்பேசியில் காணொளியாக எடுத்து நிதானமாக ஓட்டிப் பார்ப்பது நல்லது. முதலில் பிரிக்காத புது ஷேவிங் பிளேடு ஒன்றால் இதே நூலை அறுத்து அந்த எண்ணைக் குறித்துக்கொண்டால், உங்கள் நூலுக்கும் தராசுக்கும் உரிய அடிப்படை அளவு கிடைத்துவிடும். கத்தியின் எண் அதற்கு எவ்வளவு அருகில் வருகிறதோ அவ்வளவு கூர்.

இனி அட்டை. ஒரே சரக்கின் ஒரே நாள் பெட்டிகளை எடுத்து, ஒட்டு நாடாவும் ஸ்டேப்ளர் பின்னும் இல்லாத பகுதிகளை மட்டும் பயன்படுத்துங்கள். அட்டைக்குள் ஓடும் குழல் வரிகளுக்குக் குறுக்காக வெட்ட வேண்டும். வரிகளோடு வெட்டினால் கத்திக்கு வேலையே இல்லாமல் போகும். அலகில் 3 செ.மீ. நீளத்தை மார்க்கரால் குறித்து, அந்தப் பகுதியால் மட்டுமே வெட்டுங்கள். முழு அலகையும் பயன்படுத்தினால் நீண்ட அலகுடைய கத்திக்கு இலவசமாக வெற்றி கிடைத்துவிடும். எத்தனை வெட்டு என்று எண்ணுவதைவிட எத்தனை மீட்டர் வெட்டினோம் என்று கணக்கு வைப்பது சரியானது. ஐந்து மீட்டருக்கு ஒரு முறை அலகைத் துடைத்துவிட்டு, குறித்த பகுதியில் மூன்று இடங்களில் நூல் சோதனை செய்து நடு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். தொடக்க எண் இரு மடங்காகும்போது நிறுத்தலாம். அல்லது உங்கள் கடை வேலைக்கு இதற்கு மேல் ஆகாது என்று தோன்றும் ஓர் எண்ணை வைத்துக்கொள்ளலாம். இது அற்ப விஷயமன்று. எல்லாக் கத்தியும் முதல் சில மீட்டர்களில் வேகமாகக் கூர் இழந்து, அதன் பின் மெதுவாகவே இழக்கும். முதலில் சீக்கிரம் சரிந்த எஃகு பிற்பாடு நெடுநேரம் தாக்குப்பிடிப்பதும் உண்டு. நிறுத்தும் இடத்தை முன்னே பின்னே நகர்த்தினால் வெற்றி தோல்வியே மாறிவிடும்.

ஒரு கத்தியை முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தால், கடைசிக் கத்திக்குச் சோர்ந்த கைதான் கிடைக்கும். ஆகவே ஐந்து மீட்டருக்கு ஒரு முறை கத்தியை மாற்றி, அடுத்த சுற்றில் வரிசையைத் தலைகீழாக்குங்கள். நூல் எண்ணைப் படிக்கும் வேலையை எந்தக் கத்தி என்று அறியாத வேறொருவரிடம் கொடுத்தால் இன்னும் நல்லது. மைத்துனர் கொடுத்த கத்திக்குக் கை தானாகவே சற்று சலுகை காட்டும். எல்லாம் முடிந்தபின் மூன்றையும் மறுபடி தீட்டி, முழுச் சோதனையையும் இன்னும் இரண்டு முறையாவது செய்யுங்கள். ஒரே கத்தி ஒவ்வொரு முறையும் தரும் எண்களுக்குள் உள்ள இடைவெளி, இரு கத்திகளுக்கிடையே உள்ள இடைவெளியைவிடப் பெரிதாக இருந்தால், இரண்டும் சமம் என்றுதான் கொள்ள வேண்டும்.

உங்கள் ஒப்பினெல்லில் உள்ளது சுமார் 0.9 விழுக்காடு கரிமம் கொண்ட சாதாரணக் கார்பன் எஃகு. விக்டோரினாக்ஸில் உள்ளது அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல் கரிமமும் 15 விழுக்காட்டை ஒட்டிய குரோமியமும் கொண்ட துருப்பிடிக்காத எஃகு. கோணம் சமமானால் ஒப்பினெல் சற்று முன்னே நிற்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் விக்டோரினாக்ஸை 15 பாகையிலும் ஒப்பினெல்லை 20 பாகையிலும் தீட்டினால் அந்த முன்னிலை தலைகீழாகக்கூடும். இவ்வகை எஃகுகளுக்கிடையே கோணத்தின் செல்வாக்கு அவ்வளவு பெரியது.

கேள்வி: காணொளிகளில் தாளைக் காற்றிலேயே நறுக்கியும் கை மயிரை வழித்தும் காட்டுகிறார்களே, அது போதாதா?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: சரியாகத் தீட்டியாகிவிட்டதா என்று பார்ப்பதற்குப் போதும். தாங்கும் திறனை அளக்கப் போதாது. மயிரை வழிக்கும் கூர் எந்தக் கத்தியிலும் சில மீட்டர் அட்டைக்குள் போய்விடும்; அதன் பிறகு வெகுநேரம் கத்தி நன்றாகவே வேலை செய்யும். அந்த நீண்ட காலத்தைப் பற்றி மயிர் எதுவும் சொல்லாது. தாள் சோதனை செய்வதானால் ஒரே நாளிதழின் ஒரே தாளை எடுத்து, அது எளிதில் நேராகக் கிழியும் திசைக்குக் குறுக்கே வெட்டுங்கள். நார் ஓடும் திசையில் மொட்டைக் கத்தியும் வழுக்கிக்கொண்டு போகும். காணொளிக்காரர்களில் சிலர் இதை நன்றாகவே அறிவார்கள்.

கேள்வி: எங்கள் வயலில் கரும்பு. ஒடித்த கரும்பைச் சீவித் தின்பதற்குச் சட்டைப்பையில் ஒரு மடக்குக் கத்தி வைத்திருக்கிறேன். காய்கறிக்கு மாதக்கணக்கில் தாங்கும் கூர், கரும்புக்கு ஒரு வாரம்கூட வருவதில்லை. கத்தியின் குறையா, கரும்பின் குறையா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: கரும்பின் தோலில் சிலிக்கா இருக்கிறது. மணலில் இருப்பதும் அதே பொருள்தான். கரும்பு, நெல், மூங்கில் போன்ற புல்லினப் பயிர்கள் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித் தோலிலும் இலையிலும் சேர்த்துவைக்கின்றன. உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் 85 முதல் 95 விழுக்காடு வரை சிலிக்காதான். கத்தரிக்காயை நறுக்கும் கத்தி பலகையில் பட்டு மெல்ல மடங்கும். கரும்பைச் சீவும் கத்தி ஒவ்வொரு இழுப்பிலும் தேய்கிறது.

நீங்கள் அறியாமலேயே செய்துவருவது, இத்துறையில் உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட சோதனையின் வயல்வெளி வடிவம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1952இல் தொடங்கிய ‘காட்ரா’ என்னும் வெட்டுக்கருவி ஆய்வு நிறுவனம் அதற்கென்றே ஓர் இயந்திரம் வைத்திருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 8442-5 என்னும் பன்னாட்டுத் தரமும் அந்த முறையையே பின்பற்றுகிறது. கத்தியை வாய் மேலே பார்க்கும்படி பொருத்தி, 5 விழுக்காடு சிலிக்கா கலந்த தாள் அட்டைகளின் அடுக்கை அதன் மேல் 50 நியூட்டன் விசையோடு, அதாவது சுமார் 5 கிலோ எடை அழுத்துவதுபோல, இறக்குகிறார்கள். கத்தி 40 மி.மீ. தூரம் முன்னும் பின்னும் ஓடுகிறது. முதல் மூன்று சுற்றுகளில் எத்தனை மி.மீ. அட்டை வெட்டுப்பட்டது என்பது தொடக்கக் கூரைக் காட்டும். 60 சுற்றுகளில் மொத்தம் எவ்வளவு என்பது தாங்கும் திறனைக் காட்டும். இரண்டும் தனித்தனி எண்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் அதிகம் வெட்டும் கத்தியே இறுதியிலும் அதிகம் வெட்டும் என்ற கட்டாயம் இல்லை.

இந்தச் சோதனையில் தேய்மானம்தான் எல்லாம். ஆகவே எஃகுக்குள் இருக்கும் கார்பைடு என்னும் கடினத் துகள்களே அதில் வெல்கின்றன. விக்கர்ஸ் கடினமானியில் பார்த்தால் நன்கு பதமிட்ட கத்தி எஃகு 700ஐ ஒட்டி நிற்கும். சிலிக்கா சுமார் 1,100. எஃகைச் சிலிக்கா கீறத்தான் செய்யும். சாதாரணக் கார்பன் எஃகில் உள்ள இரும்புக் கார்பைடு ஏறக்குறைய 1,000 என்பதால் அதுவும் தப்பாது. குரோமியம் கார்பைடு 1,500ஐத் தாண்டும், வனேடியம் கார்பைடு 2,800 வரை போகும். இவற்றைச் சிலிக்காவால் ஒன்றும் செய்ய முடியாது. ஒன்றரை விழுக்காடு கரிமமும் 12 விழுக்காடு குரோமியமும் கொண்ட டி2, அல்லது அமெரிக்காவின் குரூசிபிள் நிறுவனம் 2001இல் கத்திகளுக்கென்றே கொண்டுவந்த, 4 விழுக்காடு வனேடியம் சேர்ந்த எஸ்30வி ஆகிய எஃகுகள் கரும்புத் தோலில் நின்று பிடிப்பதன் காரணம் இதுதான். ஆனால் வெட்டும்போது தேயாதது தீட்டும்போதும் எளிதில் தேயாது. வனேடியம் மிகுந்த எஃகுக்கு வைரத்தூள் பதித்த தகடு இல்லாமல் உட்காருவது வீண் உழைப்பு.

புதுக் கத்தி வாங்க மனமில்லையென்றால் இருப்பதையே கல்லின் சொரசொரப்பான பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நெல்லறுக்கும் கருக்கரிவாள் தேய்ந்த பிறகும் அறுப்பது அதன் பற்களால்தான். உங்கள் கத்திக்கும் அந்த உதவி கிடைக்கும்.

கேள்வி: கத்தி வாங்கும்போது எச்.ஆர்.சி. 56, 58, 60 என்று எண் போட்டிருக்கிறார்கள். பெரிய எண் உள்ளதை வாங்கினால் கூர் அதிக நாள் தாங்கும் என்று கொள்ளலாமா?
– ஐ.டி.ஐ. மாணவர், கடலூர்

பதில்: ஒரே எஃகில் செய்த, ஒரே கோணத்தில் தீட்டிய இரு கத்திகளுக்குள் ஒப்பிட்டால் ஓரளவுக்குக் கொள்ளலாம். வெவ்வேறு எஃகுகளுக்கிடையே அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. எச்.ஆர்.சி. என்னும் ராக்வெல் சி அளவு, வைரக் கூம்பை 150 கிலோ விசையில் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதைப் பார்க்கிறது. வாய் மடங்காமல் நிற்குமா என்பதற்கு அது நல்ல அறிகுறி. ஆனால் கூம்பின் முனைக்கு நுண்ணிய கார்பைடு துகள்கள் தனியே தெரிவதில்லை. 60 எண் கொண்ட சாதாரணக் கார்பன் எஃகும் 60 எண் கொண்ட டி2வும் அந்தக் கருவிக்கு ஒன்றுதான். கரும்புத் தோலுக்கு ஒன்றல்ல.

எண் ஏற ஏற வாய் நொறுங்கும் அபாயமும் ஏறும் என்பதால், வேலைக்கு ஏற்றபடி குறைத்து வைப்பவர்களும் உண்டு. விக்டோரினாக்ஸ் தன் பெரிய அலகுக்கு 56 என்றும், கத்தரிக்கோலுக்கும் ரம்பத்துக்கும் 53 என்றும், வில் தகட்டுக்கு 49 என்றும் வைத்திருக்கிறது. ஒரே கைப்பிடிக்குள் மூன்று பதம். பட்டறையில் உங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும் சோதனை அரம். நல்ல அரம் கத்தியின் மேல் பிடிக்காமல் வழுக்கினால் கத்தி நன்கு கடினமானது. எளிதில் துகள் உதிர்த்தால் மென்மையானது. அதற்கு மேல் நுட்பமாக அரத்தால் சொல்ல முடியாது. சோதிப்பதானால் பிடிக்கு அருகே, பயன்படாத இடத்தில் தொட்டுப் பாருங்கள்.

கேள்வி: துறைமுகத்தில் விசைப்படகில் வேலை. வெளிநாட்டில் கத்திகளைக் கயிறு வெட்டிச் சோதிப்பார்கள் என்று படித்தேன். நான் தினமும் கயிறுதான் வெட்டுகிறேன். ஆனால் என் கார்பன் கத்தி, வேலை இல்லாத நாளில்கூட மறுநாள் காலையில் மழுங்கியிருக்கிறது. இது எப்படி?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: உங்கள் கத்தியைத் தின்பது உப்பு. வாயின் நுனி ஒரு மயிரின் குறுக்களவில் நூறில் ஒரு பங்கு அளவுக்கே மெல்லியது. கடற்காற்றில் ஓரிரவு கிடந்தால், அலகின் கன்னத்தில் கண்ணுக்குத் துருவே தெரியாத நிலையிலும், அந்த நுனி அரிக்கப்பட்டுவிடும். இதை நிரூபிப்பது எளிது. மாலையில் தீட்டி, முதல் பதிலில் சொன்ன நூல் சோதனையில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அலகின் ஒரு பாதியில் மட்டும் தேங்காய் எண்ணெயை மெல்லிதாகத் தடவி, இரு பாதிகளிலும் கடல்நீரைத் தெளித்து, எதையும் வெட்டாமல் விட்டுவிடுங்கள். காலையில் இரு பாதிகளையும் தனித்தனியே அளந்தால் வரும் வேறுபாடு முழுவதும் உப்பின் கணக்கு. கடல் தொழிலுக்கு, கூரை ஒரு பங்கு குறைவாகத் தாங்கினாலும் துருப்பிடிக்காத எஃகையே நான் பரிந்துரைப்பேன். ஒப்பினெல்லிலும் ‘இனாக்ஸ்’ என்று பொறித்த வகை உண்டு.

கயிற்றுச் சோதனையைப் பொறுத்தவரை, வெளிநாட்டுக் கத்திக் கொல்லர்கள் பயன்படுத்துவது மணிலா நார்க் கயிறு. கயிற்றை மரக்கட்டையின் மேலும், கட்டையைத் தராசின் மேலும் வைத்து, ஒரு வெட்டுக்கு எத்தனை கிலோ அழுத்தம் தேவைப்படுகிறது என்று பார்த்து, அது குறித்த அளவைத் தாண்டியதும் நிறுத்தி வெட்டுகளை எண்ணுவார்கள். நம் ஊரில் தென்னைநார்க் கயிறு கிடைக்கிறதே என்று அதை எடுத்தால், முறுக்கின் தடிமன் சாணுக்குச் சாண் மாறும். உள்ளே ஒளிந்திருக்கும் மணலும் ஒரே சீராக இருக்காது. கரையில் புரண்ட பழைய கயிறு என்றால் கேட்கவே வேண்டாம். கடையில் ஒரே சுருளிலிருந்து அறுத்த புதுக் கயிறாக இருந்தால் மட்டும் சோதனைக்கு எடுங்கள்.

நைலான், பாலிபுரொப்பலீன் கயிறுகள் கத்தியை அதிகம் தேய்ப்பதில்லை. ஆனால் நயமாகத் தீட்டிய வாய் அவற்றின் மேல் வழுக்கும். ஆகவே படகுக் கத்தியைச் சொரசொரப்பான கல்லோடு நிறுத்துவது நல்லது. கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. பிரி பிரியாமலிருக்கக் கயிற்று முனையை நெருப்பில் உருக்கி இறுக்கியிருப்பீர்கள். அந்தக் கெட்டி முடிச்சின் மேல் வெட்டினால் வாயில் பொடிப் பொக்கைகள் விழும். விளக்கு வெளிச்சத்தில் வாயை மேல்நோக்கிப் பிடித்தால் அவை புள்ளிகளாக மின்னும். கூரான வாய் மின்னாது. தேய்ந்த கத்தியில் வாய் நெடுக ஒரே கோடாக மின்னும், பொக்கை விழுந்ததில் இடையிடையே மின்னும். ஒன்று எஃகின் வயது, மற்றது கையாண்ட விதம்.

கேள்வி: பலாப்பழம் அறுத்தால் என் கத்தி பாதியிலேயே மழுங்கிவிடுகிறது. எந்த எஃகு வாங்கலாம்?
– வாசகி, பண்ருட்டி

பதில்: எஃகை மாற்ற வேண்டாம். வாயில் பலாப்பால் படிந்து காய்ந்திருக்கும். எண்ணெய் தொட்ட துணியால் இரு கன்னங்களையும் அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி வெட்டிப் பாருங்கள். முக்கால்வாசிக் கூர் திரும்பிவிடும். அறுக்கும் முன்பே எண்ணெய் தடவிக்கொள்வது பண்ருட்டிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூர் சோதனை செய்யும் யாருமே அளக்கும் முன் அலகைத் துடைக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதத்தை இங்கே சேர்த்தேன்.

கேள்வி: சோதனை செய்யும்போது கத்தி மடங்கிக் கையை வெட்டிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகர், நெய்வேலி

பதில்: நியாயமான பயம். பூட்டில்லாத மடக்குக் கத்தியில் முதுகுப் பக்கமாக விசை விழக்கூடாது. குத்துவதும் முறுக்குவதும் கூடாது. அட்டையை மேசையில் படுக்க வைத்து, உடலுக்கு வெளிப்புறமாக வெட்டுங்கள். ஒப்பினெல் என்றால் கழுத்து வளையத்தைத் திருப்பிப் பூட்டிய பிறகே தொடங்குங்கள். மழுங்கிய நிலையில்தான் கை அதிகம் அழுத்தும் என்பதால், சோதனையின் கடைசி மீட்டர்களில் கூடுதல் கவனம் தேவை.

கேள்வி: என் கத்தி நல்ல கம்பெனிக் கத்தி. நன்றாகத்தான் இருந்தது. ஒரு முறை மோட்டார் சாணையில் கொடுத்துப் பிடித்து வாங்கினேன். அன்றிலிருந்து இரண்டு நாளுக்கு மேல் கூர் நிற்பதில்லை. ஒரு நாளில் எஃகு கெட்டுப்போகுமா?
– வாசகர், வில்லியனூர்

பதில்: கெட்டுப்போகும். ஒரு நாள்கூட வேண்டாம், சில விநாடி போதும். வாயோரத்தில், குறிப்பாக முனையருகே, நீலமோ ஊதாவோ கலந்த கறை இருக்கிறதா என்று பாருங்கள். கொல்லர் கத்தியைச் சிவக்கக் காய்ச்சித் தோய்ச்சல் கொடுத்து, பின்பு ஏறக்குறைய 200 பாகை செல்சியஸில் மறுபடி இளஞ்சூடு காட்டி அதன் பதத்தை நிறுத்துகிறார். சாதாரணக் கார்பன் எஃகு அந்த வெப்பத்தில் வைக்கோல் மஞ்சளாகும். 300ஐ நெருங்கும்போது நீலமாகும். வேகமாகச் சுற்றும் உலர்ந்த சக்கரத்தில், காகிதத்தைவிட மெல்லிய வாய் தண்ணீர் படாமல் ஓரிடத்தில் நின்றால், நீலத்துக்குப் போவது எளிது. நீலம் கண்ட இடத்தில் எஃகு மென்மையாகிவிட்டது. அங்கே எத்தனை கூராகத் தீட்டினாலும் வாய் மடங்கும். துருப்பிடிக்காத எஃகு நிறம் மாற இன்னும் அதிக வெப்பம் வேண்டும். ஆகவே அதில் கறை தெரியவில்லை என்பதை வைத்து நிம்மதி கொள்ளவும் முடியாது.

சாணைக்காரர்கள் எல்லாரையும் குறை சொல்வதற்கில்லை. சைக்கிளை மிதித்துச் சக்கரத்தைச் சுற்றுபவரிடம் அவ்வளவு வேகம் இல்லை. கத்தியை அடிக்கடி தண்ணீரில் தொட்டெடுப்பவரிடமும் பயமில்லை.

உங்கள் கத்தியைத் தூக்கிப்போட வேண்டாம். பெரும்பாலும் வெந்திருப்பது வாயை ஒட்டிய மெல்லிய பகுதி மட்டுமே. கார்போரண்டம் கல்லில் தண்ணீர் விட்டுக் கையாலேயே தீட்டி அந்தப் பகுதியைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை தீட்டியதும், முனையருகே ஒன்றும் பிடியருகே ஒன்றுமாக இரண்டிடத்தில் நூல் சோதனை செய்து, பத்து மீட்டர் அட்டை வெட்டியபின் மறுபடி அளந்து எழுதிவாருங்கள். வெந்த பகுதி மிஞ்சியிருக்கும்வரை முனைப்பக்கத்து எண் பிடிப்பக்கத்து எண்ணைவிட வேகமாக ஏறும். இரண்டும் ஒரே வேகத்தில் ஏறத் தொடங்கும்போது நல்ல எஃகை எட்டிவிட்டீர்கள் என்று தீட்டுவதை நிறுத்திக்கொள்ளலாம்.